வன்னியிலிருந்து சிங்கப்பூர் மரதனுக்கு: கடைசி மூன்று கிழமைகள்

பள்ளிக்கூடக் காலத்தில் எங்களில் பலர் ஒரு மரதன் ஓடியிருப்போம். விசில் ஊதியதும் மைதானத்தை விட்டு வெளியே ஓடி, ஊரைச் சுற்றித் திரும்ப மைதானத்துக்குள் வந்து விழும் ஓட்டம். அதற்கும் மரதன் என்றுதான் பெயர். ஆனால் முழு மரதன் 42.195 கிலோமீற்றர். கிளிநொச்சி நகரத்தில் தொடங்கி ஏ9 வீதியால் தெற்கே ஓடினால், முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, மாங்குளம் சந்தியையும் தாண்டிய பிறகுதான் அந்தத் தூரம் முடியும்.

அந்தத் தூரத்தை முதல் தடவையாக வெளிநாட்டில் ஓடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாலைந்து மாதம் பயிற்சி செய்துவிட்டீர்கள், பதிவுப் பணம் கட்டியாயிற்று, விமான ரிக்கற்றும் கையில் இருக்கிறது, இன்னும் மூன்று கிழமைதான் மிச்சம் என்று வைத்துக்கொள்கிறேன். பயிற்சியே தொடங்காதவர்கள் இதை மட்டும் வாசித்துவிட்டு ஓடப் போக வேண்டாம்.

எடுத்துக்காட்டுக்குச் சிங்கப்பூர் மரதனை எடுத்திருக்கிறேன். அது டிசம்பரில் நடக்கிறது. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. கொழும்பிலிருந்து நாலு மணித்தியால விமானப் பயணம். அங்கே தமிழ் அரசகரும மொழிகளில் ஒன்று, அறிவிப்புப் பலகைகளில் எங்கள் எழுத்தைப் பார்க்கலாம். முதல் வெளிநாட்டு ஓட்டத்துக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

வயது போய்விட்டதே என்று தயங்குகிறவர்கள் முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். 2023இல் தன் 72ஆவது வயதில் பிலிப்பைன்சுக்குப் போய், மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கப் பதக்கங்களோடு முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்தவர் அவர்.

மூன்று கிழமைக்கு முன்: கடைசி நீண்ட ஓட்டம்

ஓட்ட நாளுக்குச் சரியாக மூன்று கிழமைக்கு முந்திய ஞாயிறு, உங்கள் கடைசி நீண்ட ஓட்டத்தை ஓடி முடியுங்கள். 28 முதல் 32 கிலோமீற்றர் வரை போதும். 42 ஓடிப் பார்க்கத் தேவையில்லை. அந்தக் களைப்பு தீர மூன்று கிழமை போதாது.

அதற்குப் பிறகு தூரத்தைக் குறைக்க வேண்டும். ஓடுகிறவர்கள் இதை 'டேப்பர்' என்பார்கள். கிழமைக்கு 50 கிலோமீற்றர் ஓடி வந்தவர் என்றால் அடுத்த கிழமை 37 அளவில், அதற்கடுத்த கிழமை 25, ஓட்டக் கிழமையில் ஞாயிறைத் தவிர்த்து 12 முதல் 15. தூரத்தைத்தான் குறைக்கிறோம், வேகத்தை அல்ல. கிழமையில் ஒரு நாள், ஓட்ட நாளில் பிடிக்கப்போகும் வேகத்திலேயே நாலைந்து கிலோமீற்றர் ஓடுங்கள். கால் அந்தத் தாளத்தை மறந்துவிடக் கூடாது.

புதியவர்கள் பெரும்பாலும் பிழை விடும் இடம் இதுதான். ஓட்டம் குறைந்ததும் மனம் அந்தரப்படத் தொடங்கும். முழங்கால் நோகிறமாதிரி இருக்கும், உடம்பு பாரமாகத் தெரியும், 'பயிற்சி காணாது, இன்னொரு முப்பது ஓடிப் பார்ப்போம்' என்று ஒரு எண்ணம் வரும். ஓடாதீர்கள். இந்த மூன்று கிழமையில் புதிதாகச் சேர்க்கக்கூடிய பலம் எதுவும் இல்லை. ஏற்கெனவே செய்த பயிற்சி உடம்பில் ஊறுவதற்குத்தான் இந்த நாட்கள். சேர்த்ததை இழக்காமல் ஞாயிற்றுக்கிழமை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இனி உங்கள் வேலை. கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

மாரியும் வயலும் காய்ச்சலும்

எங்கள் ஆட்களுக்கு இந்த மூன்று கிழமை நடுமாரியில் வருகிறது. இரணைமடுக் குளம் நிறைந்து வான்கதவு திறக்கும் காலம். உள் வீதிகளில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் குழி கண்ணுக்குத் தெரியாது. ஒரு கணுக்கால் சுளுக்கோடு நாலு மாத உழைப்பு போய்விடும். ஆகவே இந்த நாட்களில் ஒழுங்கைகளை விட்டுவிட்டு ஏ9 போன்ற கார்ப்பெற் வீதியின் ஓரத்தில், வாகனம் எதிரே வரும் பக்கமாக, வெளிச்சம் வந்த பிறகு ஓடுங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இருப்பவர்களுக்கு யானையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளத்துக்குப் பயந்து தெரியாத காட்டுப் பாதைகளிலும் இறங்க வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இன்னும் நிற்கும் இடங்கள் வன்னியில் உண்டு.

காலபோகப் பயிர் நிற்கும் நேரம் என்பதால் வயல் வேலையும் இருக்கும். உரமூட்டை தூக்குவது, மருந்துத் தாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு சேற்றுக்குள் நடப்பது எல்லாம் கால்களுக்கு நீண்ட ஓட்டத்துக்குச் சமமான வேலை. கடைசிப் பத்து நாளுக்காவது அதை வேறொருவரிடம் விடுங்கள். தம்பியிடமோ மச்சானிடமோ இப்போதே கேட்டு வையுங்கள். சேற்றில் இறங்கியே ஆகவேண்டும் என்றால் காலில் காயம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் பரவும் காலமும் இதுதான்.

டெங்கும் இந்த மாதங்களில்தான் கூடும். வீட்டைச் சுற்றிச் சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள், நுளம்பு வலைக்குள் படுங்கள். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர வேறு நோமாத்திரை எதையும் தொடாதீர்கள். டெங்காக இருந்தால் இபுப்ரோபன், அஸ்பிரின் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டும். இரண்டு நாளில் விடவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதியுங்கள். வெறும் மூக்கடைப்பு, தும்மல் என்றால் மெதுவாக ஓடலாம். காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடம்பு உளைவு இருந்தால் ஓடக் கூடாது. ஓட்ட நாளிலும் இதே விதிதான். பணம் போனால் உழைத்துக்கொள்ளலாம், காய்ச்சலோடு ஓடி இருதயத்தைக் கெடுத்துக்கொண்டால் அதைத் திருப்பி வாங்க முடியாது.

சப்பாத்து

புதுச் சப்பாத்து வாங்குவதென்றால் இந்தக் கிழமைதான் கடைசி. அதைப் போட்டு ஒரு 40, 50 கிலோமீற்றராவது ஓடியிருக்க வேண்டும். வெளிநாட்டில் மலிவாக இருக்கிறது என்று அங்கே வாங்கி அடுத்த நாளே போட்டு ஓடாதீர்கள். மறுபக்கம், 700, 800 கிலோமீற்றர் ஓடித் தேய்ந்த சப்பாத்தையும் கொண்டுபோக வேண்டாம்.

ஓட்ட நாளில் போடப்போகும் பெனியன், காற்சட்டை, மேஸ், சப்பாத்து எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு மழைக்குள் ஒரு பத்துக் கிலோமீற்றர் வேண்டுமென்றே ஓடிப் பாருங்கள். சிங்கப்பூரிலும் டிசம்பர் மழைக்காலந்தான். நனைந்த உடுப்பு எந்த இடத்தில் உரசுகிறது என்பது அப்போதுதான் தெரியும். தொடை இடுக்கு, அக்குள், ஆண்களுக்கு மார்புக் காம்பு, பெண்களுக்கு உள்ளாடைப் பட்டி படும் இடம். எங்கே சிவக்கிறதோ அங்கே ஓட்ட நாளில் வாசலின் தாராளமாகப் பூசுங்கள். கால் நகங்களை ஓட்டத்துக்கு நாலு நாள் முன் வெட்டுங்கள், முதல் நாள் இரவு அல்ல.

நித்திரை: இரண்டரை மணித்தியாலக் கணக்கு

இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத விசயம் இது.

சிங்கப்பூர் நேரம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. அங்கே முழு மரதன் விடிவதற்கு வெகு முன்பே, அதிகாலை நாலரை மணி அளவில் தொடங்குவது வழக்கம். உங்கள் ஆண்டுக்குரிய நேரத்தைப் போட்டியாளர் கையேட்டில் பாருங்கள். அங்கே நாலரை என்றால் கிளிநொச்சியில் இரவு இரண்டு மணி. அதற்கு இரண்டரை மணித்தியாலத்துக்கு முன் எழும்பிச் சாப்பிட வேண்டும் என்றால், எங்கள் நேரப்படி இரவு பதினொன்றரைக்கு எழும்ப வேண்டும். மற்ற ஆட்கள் ரீவியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போகும் நேரத்தில் உங்கள் உடம்பு 42 கிலோமீற்றருக்கு எழும்ப வேண்டியிருக்கிறது.

போய் இறங்கிய பிறகு இதைச் சரிசெய்ய முடியாது. வீட்டிலேயே தொடங்க வேண்டும். பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பிருந்து, இரண்டு நாளுக்கு ஒரு தடவை அரை மணித்தியாலம் முந்திப் படுத்து அரை மணித்தியாலம் முந்தி எழும்புங்கள். பத்து மணிக்குப் படுக்கிறவர் ஒன்பதரை, ஒன்பது, எட்டரை, எட்டு, ஏழரை என்று கொண்டுவந்தால், பயணம் கிளம்பும்போது உடம்பு சிங்கப்பூர் நேரத்துக்கு வந்துவிடும். இரவுச் சாப்பாட்டையும் அதற்கேற்ப ஐந்தரை, ஆறு மணிக்கு நகர்த்துங்கள். எழும்பியவுடன் எல்லா லைற்றையும் போடுங்கள். மாலையில் போனை எட்ட வையுங்கள். மத்தியானத் தூக்கம் வேண்டாம், அல்லது இருபது நிமிடத்தோடு நிறுத்துங்கள். பின்னேரத் தேத்தண்ணியையும் மூன்று மணிக்கு முன் குடித்துவிடுங்கள்.

வீட்டில் இது இலேசில்லை என்று தெரியும். ஏழரைக்குப் படுக்கப் போனால் 'என்ன சுகமில்லையோ' என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். முன்பே விளக்கமாகச் சொல்லி வையுங்கள்.

ஓட்டத்துக்கு முந்திய இரவு நித்திரை சரியாக வராது. யாருக்குமே வராது. கண்ணை மூடிப் படுத்துக் கிடந்தாலே போதும். வியாழன், வெள்ளி இரவுகளில் நன்றாக நித்திரை கொண்டிருந்தால் சனி இரவு இரண்டு மணித்தியாலம் தூங்கியும் ஓடலாம்.

சாப்பாடு

உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாச்சத்து ஏறக்குறைய 30 கிலோமீற்றரோடு தீரத் தொடங்கும். அந்த இடத்தில் கால் கல்லாகிவிடும். அதைத் தள்ளிப் போட இரண்டு வழி: போவதற்கு முன் நிரப்புவது, போகும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது.

நிரப்புவதற்குக் கடைசி இரண்டு, மூன்று நாள் போதும். உடம்பு நிறையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 8 முதல் 10 கிராம் மாச்சத்து என்பது விளையாட்டு வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 500, 600 கிராம். சமைத்த சோறு நூறு கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாச்சத்துத்தான் இருக்கிறது. ஆகவே சோற்றை மட்டும் நம்பினால் நாளுக்கு இரண்டு கிலோ சாப்பிட வேண்டிவரும், அது நடக்காது. சோறு, இடியப்பம், பாண், வாழைப்பழம், சீனி போட்ட தேத்தண்ணி, பழச்சாறு என்று நாள் முழுவதும் பிரித்துச் சாப்பிடுங்கள். வயிறு வெடிக்கத் தின்பது நோக்கம் இல்லை. கறியைக் குறைத்துச் சோற்றைக் கூட்டுங்கள்.

இந்த இரண்டு நாளுக்கு மட்டும் நல்ல சாப்பாடு என்று நாங்கள் நினைப்பவை பல ஆகாது. குரக்கன் புட்டு, சிவப்பரிசிச் சோறு, கீரை, முருங்கையிலை, பயறு, பலாக்கொட்டை, பனங்கிழங்கு எல்லாம் நார்ச்சத்து. அவை குடலில் தங்கி, ஓடும்போது வயிற்றைக் கலக்கும். வெள்ளையரிசியும் வெள்ளைப் பாணும்தான் அந்த இரண்டு நாளுக்குச் சரி. உறைப்பும் குறைய வேண்டும். எங்கள் தூள் போட்ட கறி நாக்குக்கு நல்லது, நாற்பது கிலோமீற்றர் குலுங்கும் வயிற்றுக்கு நல்லதல்ல.

விரதம் பிடிக்கிறவர்கள் ஒரு விசயத்தை யோசித்துக்கொள்ள வேண்டும். கார்த்திகைப் பூரணை கழிந்து தொடங்கும் பிள்ளையார் பெருங்கதை 21 நாட்கள் பெரும்பாலும் இந்த ஓட்ட நாட்களோடு முட்டும். ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு மரதன் ஓடக் கூடாது. இந்த முறை பெருங்கதை படிப்பதைக் கேட்பதோடு நிறுத்திக்கொண்டு விரதத்தை அடுத்த வருடம் பிடியுங்கள் என்பதுதான் என் கருத்து.

அப்புறம், ஓடும்போது கொடுக்கும் சாப்பாடு. மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து வேண்டும். பைக்கற்றில் வரும் ஜெல் ஒன்றில் 20 முதல் 25 கிராம் இருக்கும். எங்கள் பக்கக் கடைகளில் ஜெல் தேடி அலைய வேண்டியிருக்கும், விலையும் கூட. கிடைத்தால் நீண்ட ஓட்டங்களில் பழகிவிட்டுக் கொண்டுபோங்கள். கிடைக்காவிட்டால் பனங்கட்டி இருக்கிறது. பாதித் தீப்பெட்டி அளவு துண்டுகளாக உடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி சின்ன உறைக்குள் கட்டி வையுங்கள். வியர்வை பட்டால் கசிந்து ஒட்டிவிடும் என்பதால் இரட்டை உறை நல்லது. 25 கிராம் துண்டு ஒன்றில் இருபது கிராமுக்குக் குறையாமல் மாச்சத்து இருக்கும். கொட்டை எடுத்த பேரீச்சம்பழமும் சரி. எதுவானாலும் தண்ணீரோடு விழுங்க வேண்டும், கட்டாயம் முன்பே பயிற்சியில் தின்று பார்த்திருக்க வேண்டும்.

வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனியைப் பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. அது உப்பையும் தண்ணீரையும் திருப்பித் தரும், ஓடுவதற்கான சக்தியைத் தராது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோசுதான் உண்டு, அரை ஜெல் அளவு. ஜீவனியும் வேண்டும், பனங்கட்டியும் வேண்டும்.

கடதாசிகளும் பையும்

கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக இருக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டும் என்றால் வவுனியா அலுவலகத்துக்கு மாதங்களுக்கு முன்பே போயிருக்க வேண்டிய விசயம் அது. சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில், போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசாங்கத் தளம் அல்ல. அரச உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் வெளிநாட்டு விடுமுறை அனுமதியைக் கையில் எடுத்த பிறகே மற்ற வேலையைப் பாருங்கள்.

உடம்பில் செல் துண்டு, அதாவது போரில் பட்ட எறிகணைத் துண்டு, இருப்பவர்கள் எங்களில் நிறையப் பேர். விமான நிலையச் சோதனையில் கருவி சத்தமிடலாம். எந்த இடத்தில் உலோகம் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வைத்தியர் கடிதமும், இருந்தால் எக்ஸ்ரே படமும் வைத்திருந்தால் அலைச்சல் இல்லாமல் போகலாம். அந்தத் துண்டு ஓடும்போது நோவு தருகிறதா என்பதையும் அதே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சப்பாத்து, ஓட்ட உடுப்பு, பதிவு உறுதிக் கடிதம், மாத்திரைகள், கடிகாரமும் சார்ஜரும் கைப்பையில். மற்றதெல்லாம் பெரிய பையில், ஜெல்லும் வாசலினும் அங்கேதான். பெரிய பை தொலைந்தாலும் நீங்கள் ஓடக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். சுவிங்கம் கொண்டுபோக வேண்டாம், சிங்கப்பூரில் தடை.

பயணம்

முதல் தடவை நான் லீவு மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். வியாழன் இரவு பஸ், வெள்ளி இரவு விமானம், சனி காலை சிங்கப்பூர், ஞாயிறு ஓட்டம். இரண்டு இரவு தொடர்ந்து இருந்தபடி தூங்கிய கால்கள் சனிக்கிழமை சப்பாத்துக்குள் போக மறுத்தன. 28ஆவது கிலோமீற்றரிலிருந்து நடந்துதான் முடித்தேன். பயிற்சியில் குறை இல்லை, பயணத்தில்தான் போனது.

ஆகவே புதன்கிழமையே வீட்டை விட்டுக் கிளம்புங்கள், பகலில். கிளிநொச்சியிலிருந்து புத்தளம், சிலாபம் வழியாகக் கொழும்பு போகும் பஸ்ஸில் ஏறினால் கட்டுநாயக்கப் பக்கத்திலேயே இறங்கலாம். ஏழெட்டு மணித்தியாலம் ஆகும். முறிகண்டியில் பஸ் நிற்கும்போது தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான் சரையோடு உடனே ஏறாமல் ஐந்து நிமிடம் நடவுங்கள். ஒவ்வொரு தரிப்பிலும் அப்படித்தான். ஜன்னல் கரையை விட நடைபாதைப் பக்க இருக்கை நல்லது, காலை நீட்டலாம். நீர்கொழும்பு, கட்டுநாயக்கப் பக்கம் ஒரு அறை எடுத்து முழு இரவும் படுத்துத் தூங்கி, வியாழன் பகல் விமானம் பிடியுங்கள். அறைக் காசு வீண் செலவாகத் தெரியும், ஆனால் இந்தப் பயணத்தில் அதைவிடப் பயனுள்ள செலவு இல்லை.

விமானத்தில் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழும்பி நடக்க வேண்டும், குதிக்காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று மதுவைத் தொட வேண்டாம்.

வெள்ளியும் சனியும்

ஓட்டப் பொதியை வெள்ளிக்கிழமையே எடுத்துவிடுங்கள். நெஞ்சில் குத்தும் இலக்கத் துண்டு அதற்குள் இருக்கும். நேரம் அளக்கும் சிப்பும் பெரும்பாலும் அந்தத் துண்டிலேயே ஒட்டியிருக்கும், மடிக்கக் கூடாது. ஓட்ட நாளன்று அங்கே பொதி கொடுக்கமாட்டார்கள். கடவுச்சீட்டும் உறுதிக் கடிதமும் இல்லாமல் போக வேண்டாம். அந்த மண்டபத்தில் ஜெல், சப்பாத்து, மேஸ் என்று கடை விரித்திருப்பார்கள். பார்த்துவிட்டு வாருங்கள், வாங்கியதை ஞாயிறு போடாதீர்கள்.

வெள்ளி காலை இருபது, முப்பது நிமிடம் மெதுவாக ஓடினால் அந்த ஊர்க் காற்று எப்படி என்று விளங்கும். எங்கள் வெயில் பழக்கம் போதும் என்று நினைக்க வேண்டாம். ஆடி, ஆவணியில் கிளிநொச்சியில் கொளுத்தும், ஆனால் சோளகக் காற்று அடித்து வியர்வையைக் காய வைத்துவிடும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சிங்கப்பூரின் விடியற்காலையில் வெப்பம் 25 பாகை அளவில்தான் இருக்கும், ஈரப்பதமோ தொண்ணூறு வீதத்தைத் தொடும். வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உடம்பு சூடேறிக்கொண்டே போகும்.

சனிக்கிழமை ஊர் பார்க்கப் போக வேண்டாம். சிராங்கூன் வீதியில் எங்கள் ஆட்களின் கடைகளைக் கண்டதும் கால் தானாக நடக்கும், மனதும் கேட்காது. திங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பதினைந்து நிமிட நடை, பிறகு கால் நீட்டிப் படுக்கை. அங்கே சாப்பாட்டுக் கடையில் வெள்ளைச் சோறும் தயிரும் கொஞ்சம் பருப்பும் கேட்டு வாங்குங்கள். குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம். இரவுச் சாப்பாட்டை ஐந்தரைக்கு முடித்து, இலக்கத் துண்டைப் பெனியனில் நாலு ஊக்கால் குத்தி, எல்லாவற்றையும் கதிரையில் அடுக்கி வைத்துவிட்டுப் படுங்கள். ஓட்டத்துக்குப் போகும் அதிகாலை நேரத்தில் ரயில் ஓடுமா, விசேட ரயில் விடுகிறார்களா என்பதைச் சனி பகலிலேயே பார்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ராக்சிதான். தொடக்க இடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுத்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

ஞாயிறு

இரண்டு மணிக்கு எழும்புங்கள். பாணும் ஜாமும், இரண்டு வாழைப்பழம், சீனி போட்ட தேத்தண்ணி. வீட்டில் நீண்ட ஓட்டத்துக்கு முன் எதைச் சாப்பிட்டீர்களோ அதுவே. அரை லீற்றர் தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குடியுங்கள். வாசலின் பூசுங்கள். தொடக்க இடத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போய், நேரே மலகூட வரிசையில் நில்லுங்கள். அந்த வரிசை நீளம்.

தொடங்கும் வெடி உங்களுக்கானது அல்ல. நீங்கள் கோட்டைத் தாண்டும் நொடியில்தான் உங்கள் சிப்பின் நேரம் தொடங்கும். ஆகவே முண்டியடிக்கத் தேவையில்லை.

இலக்கு நேரத்துக்கு ஒரு கணக்கு: உங்கள் அரை மரதன் நேரத்தை இரண்டால் பெருக்கி 20 நிமிடம் கூட்டுங்கள், அந்த ஈரப்பதத்துக்காக இன்னொரு 10 நிமிடம். இரண்டேகால் மணித்தியாலத்தில் அரை மரதன் ஓடுகிறவருக்கு ஐந்து மணித்தியாலம் வரும், அதாவது கிலோமீற்றருக்கு 7 நிமிடம் 7 செக்கன். முதல் பத்துக் கிலோமீற்றரை அதைவிடப் பத்து, பதினைந்து செக்கன் மெதுவாக ஓடுங்கள். பக்கத்தில் எல்லாரும் பறப்பார்கள், இளைப்பாறிய உங்கள் கால்களும் பறக்கத் துடிக்கும். விடாதீர்கள். தட்டையான வன்னியில் பழகியவர்களுக்கு மேம்பால ஏற்றங்கள் புதிது. அங்கே அடியைச் சின்னதாக்கி, மூச்சின் அளவு மாறாமல் ஏறுங்கள். நேரம் போனால் போகட்டும்.

முதல் பனங்கட்டி நாற்பதாவது நிமிடத்தில். அதற்குப் பிறகு அரை மணித்தியாலத்துக்கு ஒன்று, பசித்தாலும் பசிக்காவிட்டாலும். தண்ணீர் தாகத்துக்கு மட்டும். ஒவ்வொரு தரிப்பிலும் கோப்பை கோப்பையாகக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து தலைசுற்று, வாந்தி, மயக்கம் வரை போகும், அது உயிராபத்து. வெறும் தண்ணீரையும் உப்புச் சேர்ந்த பானத்தையும் மாறி மாறிக் குடியுங்கள், மிச்சத்தைத் தலையில் ஊற்றுங்கள். நோமாத்திரை போட்டுக்கொண்டு ஓட வேண்டாம், சிறுநீரகத்துக்குக் கேடு. நெஞ்சு இறுக்கினாலோ, வியர்வை நின்று உடம்பு நடுங்கினாலோ, திசை குழம்பினாலோ உடனே நின்று முதலுதவிக்காரரைக் கூப்பிடுங்கள்.

30க்குப் பிறகு நடக்க வேண்டிவந்தால் திட்டமிட்டு நடவுங்கள்: ஒன்பது நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. இரண்டாந்தரம் நான் அப்படித்தான் ஓடினேன், கடைசிக் கிலோமீற்றரிலும் ஓட முடிந்தது.

கோட்டைத் தாண்டியதும் இருக்காதீர்கள். பதக்கத்தை வாங்கிக்கொண்டு பதினைந்து நிமிடம் நடந்துகொண்டே இருங்கள். ஈரப் பெனியனை மாற்றி, அரை மணித்தியாலத்துக்குள் உப்பும் இனிப்பும் ஏதாவது சாப்பிடுங்கள். அன்றிரவே விமானம் ஏற வேண்டாம், செவ்வாய் பகல் விமானம் நல்லது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கிழமை ஓட்டம் இல்லை, வயலில் உரமூட்டையும் இல்லை. தம்பியிடம் அந்த ஒரு கிழமையையும் சேர்த்தே கேட்டு வையுங்கள்.